விடையும் விளக்கமும்: குறுக்கெழுத்து இந்தியாவில் வேரூன்றிய கதை

கிரிப்டிக் குறுக்கெழுத்தில் ஒவ்வொரு குறிப்பும் ஒரே விடையை இரண்டு வழிகளில் சொல்கிறது. குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மீதிப் பகுதியில் அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டுவதற்கான வழி மறைந்திருக்கும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து முடிந்தால்தான் அது விடை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்துகள் என்பதைச் சொல்லும். இவற்றைத் தவிர குறிப்பில் வேறெதுவும் இருக்கக் கூடாது. நேர்ப்பொருளுக்கும் உதவாமல், எழுத்துக்கும் உதவாமல் ஒரு சொல் நின்றாலும் அந்தக் குறிப்பு பழுதானதே.

சாதாரணக் குறுக்கெழுத்தில் விடை சரிதானா என்று அறிய மறுநாள் பத்திரிகை வர வேண்டும். கிரிப்டிக் புதிரில் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விடையை விளக்க முடிந்தால் அது சரி, முடியாவிட்டால் அது ஊகம். இந்த வேறுபாடு இந்தியாவில் வெறும் பொழுதுபோக்கு விஷயமாக இருக்கவில்லை. சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் இதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

குறுக்கெழுத்தின் பிறந்தநாள் ஐயமின்றித் தெரியும். 1913 டிசம்பர் 21 அன்று, 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழின் ஞாயிறு இணைப்பில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் சாய்சதுர வடிவத்தில் ஒரு கட்டத்தை வெளியிட்டார். 1924இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனம் தனது முதல் வெளியீடாகக் குறுக்கெழுத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்கா முழுவதும் அந்தப் பித்து பரவியது. 1925இல் லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' குறுக்கெழுத்தைத் தொடங்கியது. 1930 பிப்ரவரி 1 முதல் 'டைம்ஸ்' தன் புதிரை வெளியிட்டது. அதன் முதல் புதிரை அமைத்த ஏட்ரியன் பெல், விவசாயம் செய்துகொண்டே எழுதிவந்தவர்.

கட்டம் அமெரிக்காவுடையது என்றாலும் குறிப்பைப் புதிராக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 1926 முதல் 'அப்சர்வர்' வார இதழில் எட்வர்ட் போயஸ் மேதர்ஸ், 'டார்கமாடா' என்ற புனைபெயரில் நேர்ப்பொருளை அறவே ஒளித்துவைத்த குறிப்புகளை எழுதினார். ஸ்பெயின் நாட்டு மத விசாரணைத் தலைவர் ஒருவரின் பெயர் அது; வாசகரை வதைப்பதே நோக்கம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார். 1939இல் அவர் மறைந்த பிறகு அந்த இடத்துக்கு வந்த டி. எஸ். மெக்நட், 'ஜிமனிஸ்' என்ற பெயரில் எழுதினார். வாசகரை ஏமாற்றலாம், ஆனால் நேர்மையாக ஏமாற்ற வேண்டும் என்ற நெறியை இலக்கணமாக வகுத்தவர் இவர்தான். 1966இல் வந்த அவருடைய நூல், புதிர் அமைப்பவர்களுக்கு இன்றும் கைநூல். இந்தக் கலையை உலகப் போரும் பயன்படுத்திக்கொண்டது. 1942இல் டெலிகிராஃப் அலுவலகத்தில் நடந்த ஒரு வேகப் போட்டியில் தேறியவர்களில் சிலருக்குப் போர்த்துறையிலிருந்து அழைப்பு வந்தது. ஜெர்மானியரின் மறைகுறியீடுகளை உடைத்த பிளெட்ச்லி பார்க்கில் அவர்களுக்கு வேலை காத்திருந்தது.

தமிழ் வாசகருக்கு இந்த உத்தி முற்றிலும் அந்நியமானது என்று எண்ண வேண்டியதில்லை. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் சித்திரகவி வகைகளைப் பட்டியலிடுகிறது. மாலைமாற்று, சக்கரபந்தம், நாகபந்தம் ஆகியவை பலரும் கேள்விப்பட்டவை. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று வினாவுத்தரம். அதற்கு அங்கே காட்டப்படும் செய்யுள் சில சின்னக் கேள்விகளை அடுக்குகிறது. திருமகளுக்குப் பெயர் என்ன? திரு. போகிறவனை ஏவுகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரில் எய்யும் கணைக்குப் பெயர் என்ன? அம்பு. அழகுக்குப் பெயர் என்ன? அம். கடைசியில், பிறை சூடிய பெருமான் மகிழ்ந்து உறையும் இடம் எது என்று கேட்கிறது. முன்சொன்ன நான்கையும் வரிசையாகப் புணர்த்தினால் திருவேகம்பம் என்று வரும். காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில்தான் அது.

உறுப்புகளைத் தனித்தனியே சொல்லி, சேர்த்து, முடிவில் முழுச்சொல்லின் நேர்ப்பொருளையும் வைத்துச் சரிபார்க்கும் இந்த அமைப்புக்கும் இன்றைய கிரிப்டிக் குறிப்புக்கும் இலக்கண வேறுபாடு ஏதுமில்லை. ஆங்கிலப் புதிர் அமைப்பாளர்களுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் முன்னரே தமிழ் இலக்கணிகள் அதற்குப் பெயரிட்டு, வகைப்படுத்தி, எடுத்துக்காட்டும் தந்துவிட்டார்கள். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைக்கும் கரந்துறைப் பாட்டும், ஒரே பாட்டில் இரு பொருள் சொல்லும் காளமேகத்தின் சிலேடைகளும் இதே குடும்பம். இவ்வளவு முதலும் கையில் இருந்தும், 20ஆம் நூற்றாண்டில் குறுக்கெழுத்து தமிழுக்கு வந்தபோது அது இந்த வழியில் வரவில்லை. பரிசுப் பணத்தோடு வந்தது.

1928இல் எஸ். எஸ். வாசன் 'ஆனந்த விகடன்' இதழை விலைக்கு வாங்கினார். 1930களில் விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி வாசகர்களை ஆயிரக்கணக்கில் இழுத்தது. இதழின் விற்பனை ஏறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பிற மாகாணங்களிலும் இப்படித்தான். நுழைவுக் கட்டணம் சில அணாக்கள், பரிசோ ஆயிரக்கணக்கான ரூபாய். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் குமாஸ்தாவுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அந்தத் தொகை பெரிய கனவு.

பரிசுப் போட்டிகளில் வரும் குறிப்பின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். "இது சரியாக இல்லாவிட்டால் வீட்டில் அமைதி இருக்காது" என்று குறிப்பு. கட்டத்தில் முதலில் 'உ', முடிவில் 'வு', நடுவில் ஓர் எழுத்து காலி. அது உணவா, உறவா? இரண்டும் பொருந்துகிறது. எது சரி என்பதற்குக் குறிப்புக்குள் எந்தச் சான்றும் இல்லை. நடத்துபவர் முன்கூட்டியே எழுதி முத்திரையிட்டு வைத்திருக்கும் தாளில் எது இருக்கிறதோ அதுவே சரி. இப்படிப்பட்ட குறிப்புகள் பத்து இருந்தால் சாத்தியமான விடைத்தாள்கள் 1,024. இருபது இருந்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். மொழியறிவு எவ்வளவு இருந்தாலும் இங்கே பயன் இல்லை. கூடுதல் கட்டணம் கட்டிக் கூடுதல் தாள்களை அனுப்புகிறவருக்கே வாய்ப்பு கூடும். பெயர் குறுக்கெழுத்து, நடப்பது சீட்டுக் குலுக்கல்.

அரசுகள் இதைக் கவனிக்கத் தொடங்கின. பம்பாய் மாகாணம் 1948இல் லாட்டரிகளையும் பரிசுப் போட்டிகளையும் கட்டுப்படுத்தி வரி விதிக்கும் சட்டத்தை இயற்றியது. உடனே நடத்துபவர்கள் அலுவலகத்தை மாகாண எல்லைக்கு அப்பால் கொண்டுபோனார்கள். ஆர். எம். டி. சமர்பாக்வாலா என்பவரின் 'ஆர்.எம்.டி.சி. கிராஸ்வேர்ட்ஸ்' போட்டி, மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பெங்களூரில் அச்சாகும் 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' வார இதழில் வெளிவந்தது. ஆனால் இதழ் பம்பாயில் பரவலாக விற்றது. கட்டணமும் அங்கிருந்து வந்து குவிந்தது. 1952இல் பம்பாய் அரசு சட்டத்தைத் திருத்தி, வெளியே அச்சாகி உள்ளே வரும் இதழ்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் பரிசுப் போட்டியை வரையறுக்கும்போது, நடத்துபவர் முன்னதாகவே விடையைத் தயாரித்து வைத்திருக்கும் போட்டிகளை முதல் வகையாகக் குறிப்பிட்டது. சட்டம் எழுதியவர்கள் நோயின் வேரைச் சரியாகவே கண்டுகொண்டார்கள்.

சமர்பாக்வாலா பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், வென்றார். பம்பாய் அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. இதற்கிடையில் நாடாளுமன்றமும் களத்தில் இறங்கியது. சூதாட்டம் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம் என்பதால், மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால்தான் மத்திய அரசு அதில் சட்டம் இயற்ற முடியும். அரசியலமைப்பின் 252ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. அப்படிக் கேட்ட மாநிலங்களில் சென்னையும் ஒன்று. 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் நிறைவேறி, 1956 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குறுக்கெழுத்துப் போட்டி, விடுபட்ட சொல் போட்டி, படப் போட்டி எனப் பெயர் எதுவானாலும், எழுத்தையோ சொல்லையோ எண்ணையோ அடுக்கி விடை காணும் புதிருக்குப் பரிசு தந்தால் அது இந்தச் சட்டத்துக்குள் வரும். ஒரு மாதத்தில் தரும் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு போட்டிக்கு வரும் தாள்கள் 2,000ஐத் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்குள் நடத்தவும் உரிமம் வேண்டும்.

இந்த எண்கள் பெரும் போட்டிகளின் கதையை முடித்துவிட்டன. லட்சக்கணக்கான தாள்களை நம்பி நடந்த தொழிலுக்கு 2,000 தாள்கள் எந்த மூலைக்கு? நடத்துபவர்கள் இந்தச் சட்டத்தையும் எதிர்த்தார்கள். உச்ச நீதிமன்றம் அப்போது தில்லி நாடாளுமன்றக் கட்டடத்தில், மன்னர்கள் அவை கூடிய மண்டபத்தில் இயங்கியது. திலக் மார்க்கில் உள்ள இன்றைய கட்டடத்துக்கு 1958இல்தான் மாறியது. 1957 ஏப்ரல் 9 அன்று இரு வழக்குகளிலும் தீர்ப்பு வந்தது.

பம்பாய் அரசின் வழக்கில் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் எழுதிய தீர்ப்பு, ரிக்வேதத்துச் சூதாடியின் பாடலிலிருந்து தொடங்கி மகாபாரதம், மனு என்று நடந்து, சூதாட்டம் வணிகமே அல்ல, ஆகவே வணிக உரிமையின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று முடிவு கண்டது. வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருப்பதை அறிந்த தமிழர் அந்தப் பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழக்கு மத்தியச் சட்டத்தைப் பற்றியது. அதன் தீர்ப்பை எழுதியவர் டி. எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் கரைகண்டவர் என்று இசையுலகம் மதித்தவர். 1944இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். நடத்துபவர்களின் வாதம் சாமர்த்தியமானது. சட்டத்தின் சொற்கள் எல்லாக் குறுக்கெழுத்துகளையும் தடுக்கின்றன. அதில் உண்மையான அறிவுத்திறன் போட்டிகளும் அடங்கும். திறன் போட்டியைத் தடுப்பது அரசியலமைப்புக்கு முரண். ஆகவே சட்டம் முழுவதும் செல்லாது. தீர்ப்பு இந்த முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தது. சட்டம் எந்தத் தீமையைத் தடுக்க வந்தது என்று பார்த்தால், அது சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளையே குறிக்கிறது. சொற்கள் அதைவிட அகலமாக இருப்பதாக வைத்துக்கொண்டாலும், செல்லாத பகுதியைப் பிரித்துவிட்டு மீதியை நிற்கவைக்க முடியும். திறமையால் வெல்லும் போட்டி வேறு, அதிர்ஷ்டத்தால் வெல்லும் போட்டி வேறு. முன்னதற்கு அரசியலமைப்பின் காப்பு உண்டு, பின்னதற்கு இல்லை.

இந்திய நீதித்துறையில் இந்த வரையறை நெடுந்தூரம் பயணம் செய்தது. 1967இல் ரம்மி ஆட்டம் பற்றிய வழக்கிலும், 1996இல் சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கிலும் நீதிமன்றம் இதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. இணைய விளையாட்டுகள் பற்றிய வழக்குகளிலும் 'சமர்பாக்வாலா வழக்கு' என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பெயரைச் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு அது குறுக்கெழுத்து வழக்கு என்பது நினைவிருக்கும் என்று சொல்ல முடியாது.

பணம் போன பிறகு எஞ்சியது விளையாட்டு. அது ஆங்கில நாளிதழ்களின் பக்க மூலையில், பரிசு இல்லாமல் வாழ்ந்தது. பெரும்பாலும் லண்டன் பத்திரிகைகளின் புதிர்களே மறு அச்சாயின. லண்டனின் ரயில் நிலையங்களும் கிரிக்கெட் சொற்களும் ஆங்கிலப் பாதிரியார்களின் பட்டங்களும் தெரியாமல் அவற்றை முடிப்பது கடினம். சென்னை மைலாப்பூரிலும் தில்லி கரோல்பாகிலும் இருந்தவர்கள் அவற்றையும் கற்றுக்கொண்டார்கள்.

1971இல் 'தி ஹிந்து' தனக்கென்று குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது அதை அமைத்தவர் வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. செங்கல்பட்டில் பிறந்தவர், டஃப்பரின் பயிற்சிக் கப்பலில் சேர்ந்த முதல் அணி மாணவர்களுள் ஒருவர், 1958 முதல் 1962 வரை இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதி. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. கோவா விடுதலை நடவடிக்கை அவர் காலத்தில்தான் நடந்தது. பின்னர் பர்மாவுக்குத் தூதராகப் போனார். இவ்வளவையும் முடித்துவிட்டு ஓய்வில் அவர் எடுத்துக்கொண்ட வேலை, நாள்தோறும் 15க்கு 15 கட்டத்தை நிரப்பி அதற்குக் குறிப்பு எழுதுவது. இந்தியர் ஒருவர் இந்திய வாசகருக்காக ஆங்கிலக் கிரிப்டிக் புதிரைத் தொடர்ந்து அமைத்ததில் அவர் முன்னோடி. அவர் 1983இல் மறைந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. கட்டாரிக்குப் பின் வந்தவர்களின் குறிப்புகளில் இட்லியும் ராகங்களும் இந்திய ரயில்வேயும் இயல்பாக இடம்பெற்றன.

இந்தப் புதிருக்குத் தில்லியில் ஆயத்தமான வாசகர் கூட்டம் இருந்தது. அதற்குக் காரணமான இடங்களுள் புசா ரோட்டுப் பகுதியும் ஒன்று. கரோல்பாகின் தெற்கு விளிம்பில் மேற்கு நோக்கி ஓடும் இந்தச் சாலை, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்தால் பெயர் பெற்றது. அந்த நிறுவனம் 1905இல் பீகாரின் புசா என்ற ஊரில் தொடங்கப்பட்டது. 1934 ஜனவரி நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சிதைந்தன. 1936இல் தில்லிக்கு வந்தபோது நிறுவனம் ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்தது. மத்திய அரசு அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் கணக்கராகவும் சேரத் தெற்கிலிருந்து வந்த தமிழர்கள் கரோல்பாகில் வீடு பிடித்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு அது தில்லியின் முதன்மையான தமிழ்க் குடியிருப்பாக விளங்கியது. 1923இல் மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் என்று தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று புசா ரோட்டில் இருக்கிறது. அலுவலகத்தில் ஆங்கிலம், தெருவில் இந்தி, வீட்டில் தமிழ் என்று மூன்று மொழிகளில் நாளை நடத்தியவர்கள் இவர்கள். சொல்லைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அப்படி வாழ்பவர்களுக்கு எளிதில் கைவரும்.

சென்னையிலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்த தி ஹிந்து, 1986இல் தில்லிப் பதிப்பையே தொடங்கியது. அதன் பிறகு புதிர் காலைக் காப்பியோடு கைக்கு வந்தது. விடை மறுநாள் வரும். ஆனால் விளக்கம் வராது. 'இது எப்படி வந்தது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார். கிரிப்டிக் புதிர் புத்தகத்தால் பரவாமல் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவியதற்கு இதுவே காரணம். தந்தை மகளுக்கும், மேலதிகாரி கீழ்ப்பணியாளருக்கும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் விளக்கிச் சொல்லியே இந்தக் கலை கைமாறியது.

அந்த விளக்கம் எப்படி இருக்கும் என்பதைத் தமிழ்க் குறிப்புகளைக் கொண்டே பார்க்கலாம். ஆங்கில உத்திகள் அனைத்தும் தமிழில் செல்லுபடியாகின்றன.

"வந்த புதிதில் லிகிதம் நடுவே தெரிந்த தலைநகர் (3)." ஊருக்குப் புதிதாக வந்து வீட்டுக்குக் கடிதம் எழுதும் ஒருவரின் சித்திரம் மேலே தெரிகிறது. அந்தச் சித்திரத்தை நம்பினால் விடை கிடைக்காது. முடிவில் உள்ள 'தலைநகர்' நேர்ப்பொருள். 'நடுவே' என்பது, விடை அடுத்தடுத்த சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதற்கான சைகை. 'புதிதில் லிகிதம்' என்பதில் முன்னும் பின்னும் விட்டுவிட்டு நடுவில் படித்தால் தில்லி. மூன்று எழுத்து. 'வந்த' என்ற சொல் எதற்கும் பயன்படவில்லை என்று ஜிமனிஸ் வழி வந்த ஒருவர் குறைசொல்வார். சொல்வதில் நியாயமும் உண்டு. அதை நீக்கிவிட்டால் குறிப்பு பழுதற்றது.

"கதைக்குள் விகடன் தலைகாட்ட, பிறந்தது செய்யுள் (3)." விகடனின் தலை 'வி'. அதைக் 'கதை'க்குள் வைத்தால் கவிதை. செய்யுள் என்பது நேர்ப்பொருள்.

"கை வாட, நிலைமாறித் தர வேண்டிய மாதச் செலவு (3)." 'நிலைமாறி' என்பது எழுத்துகளைக் கலைத்து அடுக்கச் சொல்கிறது. கை, வா, ட என்ற மூன்றையும் இடம் மாற்றினால் வாடகை. தில்லியில் குடிக்கூலி கொடுத்துப் பழகியவருக்கு மேல்தோற்றமும் பொருந்தும்.

"எத்தனையோ உறைப்பு சேர்ந்தும் அதிரசம் போன்றது (5)." எத்தனையோ என்றால் பல, உறைப்பு என்றால் காரம். சேர்ந்தால் பலகாரம். அதிரசம் இனிப்பு ஆயிற்றே என்று தயங்க வைப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. அதிரசமும் பலகாரம்தான்.

"ஏற உதவும், அரிசி அளக்க உதவும், சம்பளத்தோடும் வரும் (2)." இது சிலேடை. மூன்று பொருளுக்கும் ஒரே சொல், படி. காளமேகம் இருந்திருந்தால் இதை வெண்பாவாகவே முடித்திருப்பார்.

அவிழ்ப்பவர் குறிப்புகளை வரிசையாகப் போட வேண்டியதில்லை. ஒளிந்திருக்கும் விடைகளும் எழுத்துக் கலைப்புகளும் முதலில் பிடிபடும். அவை தரும் எழுத்துகள் குறுக்கே ஓடும் சொற்களுக்குப் பிடிமானம் ஆகும். நல்ல அவிழ்ப்பாளர் விடை தோன்றியதும் எழுதிவிடுவதில்லை. குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் காட்டிய பிறகே பேனாவை எடுப்பார். 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பு பேசிய திறமை செயலில் இப்படித்தான் இருக்கும். இங்கேயும் விடை முன்னதாகவே தயாரிக்கப்பட்டதுதான். ஆனால் அதற்கு முத்திரையிட்ட உறை தேவையில்லை. குறிப்புக்குள்ளேயே சான்று இருக்கிறது.

தமிழில் இந்த வகைப் புதிர் ஏன் தாமதமாக வந்தது என்பதற்கு மொழியின் அமைப்பும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளுக்குள் சொற்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. தமிழில் 247 எழுத்துகள், கிரந்தம் தனி. குறுக்கே 'தி' வந்தால் நெடுக்கேயும் 'தி'யேதான் வர வேண்டும். 'த'வும் 'தீ'யும் உதவா. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ட, ண, ற, ன, ழ, ள வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. ஆகவே அந்த எழுத்துகள் விழும் கட்டத்தில் இன்னொரு சொல்லைத் தொடங்க முடியாது. ஆங்கிலப் புதிரைப் போல அடர்த்தியான கட்டம் தமிழில் அமைவது அரிது. வெட்டும் இடங்கள் குறையும், கறுப்புக் கட்டங்கள் கூடும்.

புணர்ச்சி இன்னொரு சிக்கல். மேலே கண்ட வாடகைக் குறிப்பில் 'கை வாட' என்பதன் பின் காற்புள்ளி இல்லாமல் 'கலங்கி' என்று தொடர்ந்தால் 'வாடக் கலங்கி' என்று வல்லினம் மிகும். தேவையில்லாத 'க்' ஒன்று நுழைந்து கணக்கைக் கெடுத்துவிடும். சந்தியை விட்டால் இலக்கணப் பிழை, சேர்த்தால் புதிர்ப் பிழை. திருவேகம்பம் செய்யுளை இயற்றியவர் இதே புணர்ச்சியைத் தடையாக எண்ணாமல், உறுப்புகளை ஒட்டும் பசையாகவே பயன்படுத்தினார். தமிழ்ப் புதிர் அமைப்பவர்கள் கற்க வேண்டிய பாடம் அந்தச் செய்யுளில் இருக்கிறது.

2000க்குப் பின் அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துகள், தமிழிலும் இலக்கணச் சுத்தமான கிரிப்டிக் புதிர் முடியும் என்று நிறுவின. மாதந்தோறும் வந்த அந்தக் கட்டங்களைப் போட்டுப் பழகிய வாசகர்களில் சிலர் தாமும் புதிர் அமைக்கத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில், 2013இல் பாட்னாவைச் சேர்ந்த எக்ஸ்ட்ரா-சி அமைப்பு பள்ளி மாணவர்களுக்கு நாடு தழுவிய கிரிப்டிக் குறுக்கெழுத்துப் போட்டியைத் தொடங்கியது. பெரியவர்களுக்கான இந்தியக் குறுக்கெழுத்து லீகும் அதே ஆண்டில் பிறந்தது. ஒரு காலத்தில் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தப்பட்ட விளையாட்டைப் பள்ளிகள் இன்று பாடத்துக்கு வெளியே ஒரு பயிற்சியாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

தமிழ் நாளிதழ்களின் இணைப்புகளில் குறுக்கெழுத்து இன்றும் வருகிறது. பெரும்பாலானவை நேர்ப்பொருள் மட்டும் கேட்பவை. விடை தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் விட்டுவிடலாம். வாரம் ஒரு நாளாவது கிரிப்டிக் புதிர் ஒன்றை வெளியிட இந்த இதழ்களால் முடியும்; அமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வெளியிடும்போது விடையை மட்டும் அச்சிட்டால் போதாது. ஒவ்வொரு விடைக்கும் கீழே அது எப்படி வந்தது என்று ஒரு வரி விளக்கமும் தர வேண்டும். தில்லித் தமிழ்ப் பள்ளிகள் போல வெளிமாநிலத்தில் தமிழ் கற்பிக்கும் இடங்களுக்கு அந்த ஒரு வரி இலக்கணப் பாடமாகவே பயன்படும்.